இருக்கை எந்தப் பக்கம்?

சென்ற தை மாதத்தில் நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நடந்த புதுமனை புகுவிழாவுக்கு எங்களில் நால்வர் சென்றிருந்தோம். ஒருபுறம் கரும்புத் தோட்டம், மறுபுறம் கோழிப்பண்ணை, நடுவே லாரித் தொழிலில் ஈட்டிய பொருளால் எழும்பிய மாடி வீடு. பால் காய்ச்சிப் பந்தியும் ஓய்ந்த பின் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வோர் அறையாக அழைத்துச் சென்று காட்டினார். சமையலறையைக் கடைசிக்கென்று நிறுத்தி வைத்திருந்தார். "இதுதாங்க ஐலண்டு" என்றார்.

அறையின் நடுவே, சுவர் எதனோடும் ஒட்டாமல், கறுத்து மினுங்கும் கிரானைட் பலகை போர்த்திய மேடை ஒன்று நின்றது. அதன் வயிற்றுக்குள் அலமாரிகள். மேலே மூன்று தொங்கு விளக்குகள். கூடத்தைப் பார்த்த பக்கத்தில் கழுத்து நீண்ட நாரைகளைப்போல நான்கு உயர நாற்காலிகள். நாங்கள் நால்வரும் அவற்றில் ஏறி அமர்ந்தோம். காபி வந்தது. மேடையின் மறுபக்கத்தில் நின்றபடி அந்த வீட்டு அம்மையார் ஒவ்வொரு குவளையாக எங்கள்முன் நகர்த்தி வைத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர் அவர். அப்போது பிற்பகல் நான்கு. அவர் பக்கத்தில் அமர ஒன்றுமில்லை.

பின்கட்டில் தரையில் சாக்கை விரித்து அமர்ந்து, இரவுச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரரின் தாயார். "நீங்க அந்தப் புது மேடையில உட்கார்ந்து உரிக்கலாமே" என்று எங்களில் ஒருவர் உபசாரமாகச் சொன்னார். "அதுல ஏர்றதுக்கு ஒருத்தரு, எறங்கறதுக்கு ஒருத்தரு கை குடுக்கோணும் கண்ணு" என்றார் அவர். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். பேருந்தில் திரும்பும்போதுதான் அந்தச் சொல் எங்களை உறுத்தத் தொடங்கியது. உழைக்கிற இருவருக்கும் அந்த மேடையில் இடமில்லை. அன்று அந்த அறையில் ஒரு வேலையும் செய்யாத எங்களுக்குத்தான் இடமிருந்தது.

இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவே. சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் இன்று எழும்பும் வீடுகளில் சமையல் தீவு ஒரு நாகரிக அடையாளமாகிவிட்டது. அதில் இருக்கை உண்டு, சேமிப்பறை உண்டு. ஆனால் இருக்கை தவறான பக்கத்தில் இருக்கிறது. சமைப்பவர் அமர இடமில்லாத தீவை, எத்தனை இலட்சம் செலவிட்டுக் கட்டியிருந்தாலும், நாங்கள் பிழையான கட்டுமானம் என்றே சொல்வோம்.

*

இதை எழுதத் தொடங்கியதுமே இரு தரப்பினர் எங்களைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள் என்பது தெரியும். முதல் தரப்பினர் பழமைப் பற்றாளர்கள். "ஐலண்டாம், ஐலண்டு! வெள்ளைக்காரன் வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு? அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தவரை பெண்களுக்கு இடுப்பு வலி உண்டா?" என்பார்கள். எங்கள் பாட்டிமார்களின் சமையலறைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். தொட்டிக்கட்டு வீட்டின் மூலையில், தலையில் இடிக்கும் நிலைவாசலும் கைக்குட்டை அளவு சன்னலுமாக இருந்த அறைகள் அவை. பருத்திமார் எரியும் கொடியடுப்பின் புகையில் கண் சிவந்து, வீட்டில் எல்லோரும் உண்டபின் போசியில் மிஞ்சியதை உண்டவர்கள் அவர்கள். இடுப்பு வலி இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த இருட்டறைக்குத் திரும்பும்படி எந்தப் பெண்ணையும் நாங்கள் அழைக்க மாட்டோம்.

இரண்டாம் தரப்பினர் படம் பார்த்துக் கட்டுபவர்கள். கைப்பேசியில் ஏதோவொரு குளிர் நாட்டின் சமையலறைப் படத்தைக் கொண்டுவந்து மேஸ்திரியிடம் நீட்டி, "அப்படியே வேண்டும்" என்கிறவர்கள். அந்தப் படத்தில் எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, மாவாட்டும் இயந்திரம் இல்லை, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கிறது. அந்த மூன்று எலுமிச்சம்பழத்துக்காக நம் வீட்டில் மேடை கட்டப்படுகிறது.

நாங்கள் இவ்விரு தரப்பிலும் இல்லை. தீவு நல்லது என்பதே எங்கள் கட்சி. சுவரைப் பார்த்து நின்று சமைத்தவரை வீட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்துகிற மேடை அது. நாற்புறமும் கை நீளக்கூடிய மேடை என்பதால், வேலை ஒருவருடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்ற வாய்ப்பு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. அந்த வாய்ப்பை நாம் பந்தி பரிமாறும் பலகையாகக் குறுக்கிவிட்டோம் என்பதுதான் எங்கள் வழக்கு.

*

இருக்கை எப்போது தொலைந்தது என்று பார்ப்போம். பழைய சமையலறையில் எத்தனை குறை இருந்தாலும் பெரும்பாலான வேலைகள் உட்கார்ந்தே நடந்தன. அரிவாள்மனைக்கு முன் மணைப்பலகையில் உட்கார்ந்து காய் அரிந்தார்கள். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டினார்கள். இராகிக் களி கிண்டும்போது பானையைத் தரையில் இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டினார்கள். அந்த உட்காரல் முழங்காலை மடக்கித் தரையோடு தரையாக அமர்கிற உட்காரல். வயது ஏறியதும் எழ முடியாது. ஆயினும் உடலுக்கு அமர்வு என்ற ஒன்று இருந்தது.

எரிவாயு அடுப்பு வந்தது. உருளை கீழே, அடுப்பு மேலே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே மேடை எழுந்தது. மேடை எழுந்ததும் பெண்ணும் எழுந்து நின்றார். புகை போனது பெரிய விடுதலை. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விடுதலையோடு ஓர் இழப்பும் சத்தமில்லாமல் வந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளும் அடுப்போடு சேர்ந்து மேடையேறின. கீரை ஆய்வதும் மொச்சை உரிப்பதும் மாவு பிசைவதும் நின்று செய்யும் வேலைகளாயின. தமிழக அரசு 2007 முதல் இலவச எரிவாயு அடுப்பும், 2011 முதல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கின. அவை சிறிய வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தன. இயந்திரங்கள் வந்தன. அவற்றை வைக்கும் இடத்தையும், அவற்றோடு பழகுகிறவர் அமரும் இடத்தையும் பற்றி வீடு கட்டிய எவரும் எண்ணவில்லை. கிரைண்டர் வாசற்படிக்குப் பக்கத்திலோ கட்டிலுக்கு அடியிலோ போய்ச் சேர்ந்தது.

மேடைச் சமையலறை என்பதே நின்று சமைப்பதற்கானது, மேலைநாட்டு முறையே அதுதான் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதன் தாய் 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தது. எர்ன்ஸ்ட் மே தலைமையில் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். ஏறத்தாழ ஆறேகால் அடி அகலமும் பதினோரு அடி நீளமும் கொண்ட சிறிய அறை. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், பூச்சி அண்டாமல் மாவுக்குக் கருவாலி மரப்பெட்டி, காய்கறிக் கழிவைத் தள்ளிவிட மேசையிலேயே ஒரு திறப்பு என்று ஒவ்வொன்றும் எண்ணிச் செய்யப்பட்டவை. அந்தச் சன்னலோர வேலைமேசைக்கு முன் இன்னொன்றும் இருந்தது: உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஒரு சுழல் இருக்கை. சமைக்கும் பெண்ணுக்காக.

லிஹாட்ஸ்கி அதற்குமுன் குடும்பம் நடத்தியவரோ சமையலில் தேர்ந்தவரோ அல்லர். அதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தெரியாததால்தான் அவர் கேட்டார், அளந்தார், ஒரு வேலைக்கு எத்தனை எட்டு, எத்தனை நிமிடம் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் முடிவில்தான் இருக்கை வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து நாம் அதன் மேடையை எடுத்துக்கொண்டோம், இழுப்பறையை எடுத்துக்கொண்டோம், பளபளப்பை ஒன்றுக்கு மூன்றாகவே எடுத்துக்கொண்டோம். இருக்கையை மட்டும் விட்டுவிட்டோம்.

*

"ஒரு நாற்காலிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் ஒரு நாற்காலிக்காகத்தான் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் எழுதப்பட்டது. கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பணி நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்ற ஒரு வரி அதில் ஏற 74 ஆண்டுகள் ஆயின. கேரளம் 2018-இலேயே அதைச் செய்துவிட்டிருந்தது. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கிற பெண்ணின் கால் வீங்குகிறது, நரம்பு சுருள்கிறது என்பதைச் சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. அந்தப் பெண் இரவு வீடு திரும்பியதும் நிற்கிற இன்னொரு மேடையைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாது. அங்கே முதலாளி இல்லை. அங்கே இருப்பவர்கள் நாம்தான்.

கணக்கும் இருக்கிறது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதில் பெரும்பகுதி கழிகிற இடத்தைத் திட்டமிடும்போது நாம் யாரைக் கேட்கிறோம்? அக்கினி மூலை எது என்று வாஸ்துக்காரரைக் கேட்கிறோம். எந்தக் கல் மினுங்கும் என்று கிரானைட் கடைக்காரரைக் கேட்கிறோம். சமைப்பவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "கதவுக்கு என்ன கலர் வேண்டும்?"

*

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கமன்று. திட்டமிடுகிறவர்களுக்கு எங்கள் தரப்பை அளவோடு சொல்கிறோம்.

முதலில் இடம். சேலத்தில் நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் மனை பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது அடி. அதில் சமையலறை பத்துக்குப் பத்து அடி வாய்த்தாலே பெரிது. சுவரோர மேடைக்கு 2 அடி. அதற்கும் தீவுக்கும் நடுவே ஒருவர் குனிந்து எழ 3½ அடி, இருவர் புழங்கினால் 4 அடி. இருக்கையோடு கூடிய தீவுக்கு 3 அடி. நாற்காலிக்குப் பின்னே ஆள் கடந்து போக இன்னும் 3½ அடி. கூட்டினால் 12 அடி. பத்தடி அறையில் தீவை நுழைத்தால் அது தீவன்று, நடைபாதையில் போட்ட பாறாங்கல். அறை கூடத்தை நோக்கித் திறந்திருந்தால் அந்தப் பக்கத்து வழி கூடத்திலிருந்து கிடைக்கும், அப்போது சமாளிக்கலாம். நாற்புறமும் சுவர் என்றால், பூட்டு வைத்த சக்கரங்களோடு இரண்டுக்கு மூன்றடி மேசை ஒன்று போதும். அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. தேவையானபோது நடுவிலும் மற்ற நேரத்தில் ஓரத்திலும் நிற்கிற மேசைக்குக் கல்மேடையைவிட அறிவு அதிகம்.

இரண்டாவது, அடுப்பு. தீவின் நடுவே அடுப்பைப் பதித்துத் தலைக்குமேல் சிம்னியைத் தொங்கவிடுவதுதான் இப்போது பெருமையாகக் கருதப்படுகிறது. கோடையில் நூறு பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊர்களில் இது தண்டனை. நடுவறையில் சுடர் எரியும்போது மின்விசிறியைப் போட முடியாது. கடுகும் மிளகாயும் தாளிக்கும் புகை நாற்புறமும் பரவும். சுவரோரச் சிம்னி பிடிக்கிற அளவுக்கு நடுச்சிம்னி பிடிக்காது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அடைத்த தீவின் அலமாரிக்குள் உருளையை வைப்பதும், கண்ணுக்குத் தெரியாதபடி குழாயைப் பலகைக்குப் பின்னே மறைப்பதும் விபத்தை வீட்டுக்குள் கூப்பிட்டு வைப்பது. ஆகவே அடுப்பு சன்னலோரச் சுவர்மேடையிலேயே இருக்கட்டும். நடுமேடை அரிய, உரிக்க, பிசைய, அளக்க, பிள்ளைகள் எழுத.

மூன்றாவது, உயரம். இதுதான் எங்கள் வழக்கின் உயிர். அமெரிக்க அடுக்களை மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம். படத்தைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் அதையே கட்டுகிறார்கள். உயர நாற்காலி போடுகிற பக்கத்தை 42 அங்குலம்வரை ஏற்றுகிறார்கள். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; அதாவது ஐந்தடி. அவர் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 37 அங்குலத்தில் இருக்கும். கை தாழ்ந்து வேலை செய்ய மேடை அதற்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும். 33 அல்லது 34 அங்குலமே நமக்குத் தகும். 36 அங்குல மேடையில் அவர் தோளைத் தூக்கியே காய் அரிவார். பத்தாண்டு கழித்துக் கழுத்து வலிக்கு மருத்துவரிடம் போவார்.

எனவே தீவை இரு மட்டமாகக் கட்டுங்கள் என்கிறோம். ஒரு பாதி 33 அங்குலத்தில், நின்று செய்யும் வேலைக்கு. மறுபாதி 29 அல்லது 30 அங்குலத்தில், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. அந்தத் தாழ்ந்த பாதியின் கீழ் அலமாரி வேண்டாம். முழங்கால் நுழைய 18 அங்குல ஆழம் காலியாக இருக்கட்டும். ஓர் ஆளுக்கு இரண்டடி அகலம் கணக்கு. வீட்டில் இருக்கிற சாதாரண, முதுகு சாயும் நாற்காலியே போதும். கால் தரையில் பதியும். எண்பது வயதுப் பாட்டியும் கைத்தாங்கல் இல்லாமல் அமர்வார், எட்டு வயதுப் பிள்ளையும் அமரும். இரு பக்கமும் இருக்கை வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். சமைப்பவர் பக்கத்தில் ஓர் இருக்கைக்கு இடம் விட்ட பிறகே எதிர்ப்பக்கத்து இருக்கைகளை எண்ணத் தொடங்க வேண்டும்.

நான்காவது, சேமிப்பு. மூன்றடி ஆழத் தீவின் அடியில் ஒரே பக்கம் கதவு வைத்து அலமாரி அடித்தால் பின்பாதி குகை. இரு பக்கமிருந்தும் திறக்க வேண்டும். குனிந்து தேடும் தட்டுகளைவிட முழுதாக வெளியே வரும் இழுப்பறைகள் மேல். எதை வைக்கப் போகிறோம் என்று பட்டியலிட்டுவிட்டு அறை அடியுங்கள். இருபத்தைந்து கிலோ அரிசி கொள்ளும் டிரம்முக்குத் தரைமட்டத்தில் உருளைச் சக்கரத் தட்டு. நாமக்கல்காரர்கள் முட்டையை அட்டைக் கணக்கில் வாங்குகிறவர்கள். முப்பது முட்டை அட்டை அடிக்கு அடி இடம் கேட்கும். சேலத்துக் கல்சட்டியின் கனத்தை அறிந்தவர்கள் அதைத் தலைக்குமேல் வைக்கச் சொல்ல மாட்டார்கள். அது இடுப்புக்குக் கீழான முதல் இழுப்பறைக்குரியது. கிரைண்டருக்கு ஒன்றரை அல்லது இரண்டடி உயரத்தில் உறுதியான தட்டும் பக்கத்திலேயே மின்இணைப்பும். தண்ணீர் படும் அடித்தட்டுகளில் ஒட்டுப்பலகையைவிட எவர்சில்வர் நிற்கும். கறையானுக்கும் அது பிடிக்காது. உருக்காலை இருக்கிற ஊரில் இதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, தரைக்குள் போகிறவை. மின்கம்பிக் குழாயும், தொட்டி வைப்பதானால் கழிவுநீர்க் குழாயும் டைல்ஸ் ஒட்டுமுன் முடிவாக வேண்டும். கழிவுக்குழாய் பத்தடி ஓட்டத்துக்கு மூன்று அங்குலமாவது தாழ வேண்டும். அந்தத் தாழ்வுக்குத் தரையில் இடமில்லையென்றால் தீவில் தொட்டி வேண்டாம். கிரானைட் பலகையின் கனத்தையும் எண்ணுங்கள். 20 மில்லிமீட்டர் தடிப்பில் சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. ஆறுக்கு மூன்றடிப் பலகை தொண்ணூறு கிலோ. முழங்காலுக்காக வெளியே நீட்டுகிற பகுதிக்கு அடியில் இரும்புத் தாங்கி இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ அதன்மேல் சாய்வார்கள்.

*

இவ்வளவும் சொன்ன பிறகும் நாங்கள் கேட்கப் போகிற மறுப்பு எது என்று அறிவோம். "எங்கள் வீட்டில் அவளுக்கே உட்காரப் பிடிக்காது. உட்கார்ந்து சமைத்தால் சோம்பேறி என்பாள்." இருக்கலாம். கடைப் பெண்களும் இருக்கை கேட்டு வாய் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. இருக்கையே இல்லாத இடத்தில் யாருக்கும் உட்காரும் பழக்கம் வராது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? உட்கார்ந்திருந்தவர்கள்தானே.

"எங்கள் வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறோம்" என்பார் இன்னொருவர். அந்த ஆளுக்கும் கால்கள் உண்டு. ஒரே காலையில் இரண்டு மூன்று வீட்டு மேடைகளுக்கு முன் நிற்கிற கால்கள் அவை.

நாங்கள் பெரிதும் அஞ்சுவது மூன்றாவது மறுப்பை. அது அன்பின் குரலில் வரும்: "இப்போதெல்லாம் அவள் தனியாகச் சமைப்பதில்லையே. நாங்கள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோமே." அந்தப் பேச்சு நல்லது. சுவரோடு பேசிய காலத்தைவிட நிச்சயம் நல்லது. ஆனால் எதிரில் அமர்கிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். தட்டு இருந்தால் அது பந்தி. அரைக்கிலோ சின்ன வெங்காயம் இருந்தால் அது சமையலறை. வெங்காயம் உரிக்கவும் முருங்கைக்கீரை உருவவும் அவரை நார் எடுக்கவும் சமையல் ஞானம் தேவையில்லை. பொறுமையும் ஒரு நாற்காலியும் போதும். நாங்கள் கேட்கிற தாழ்ந்த மட்டம் அதற்காகத்தான். வேலை உட்கார்ந்து செய்யத்தக்கது ஆனால், "எனக்கு வராது" என்ற சாக்கு ஆண்களிடமிருந்து விலகும்.

*

எங்களைப்போல் வாசிப்பில் நாட்டமுள்ளவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அம்பை தம் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், இராஜஸ்தானத்துப் பெரிய வீடொன்றின் சமையலறையைக் காட்டினார். அதே பெயரில் அவருடைய தொகுப்பு 1988-இல் வெளிவந்தது. அந்தக் கதையை வியந்து பேசினோம், கூட்டம் போட்டு விவாதித்தோம். அதன்பின் நம்மில் பலர் வீடு கட்டினோம். கட்டிய வீடுகளில் சமையலறை மூலையை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது, உண்மைதான். நடுவுக்கு வந்த பிறகும் அதில் நிற்கிறவர் நின்றுகொண்டேதான் இருக்கிறார் என்பதை நாம் கவனிக்கவில்லை. கதை வாசித்த நாங்களும்தான் அந்தத் தை மாதப் பிற்பகலில் உயர நாற்காலியில் ஏறி அமர்ந்து காபி குடித்தோம். இதை மற்றவர்களுக்கு உபதேசமாக மட்டும் எழுதவில்லை.

வீடு கட்டுமுன் மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அறைகளுக்குள் நடந்து பார்ப்பது நம் ஊர் வழக்கம். அதே வழக்கத்தைச் சமையலறைக்கும் கொண்டுவாருங்கள். சுவர் எழுந்த பின், தரை பாவுமுன், தீவு வரப்போகும் இடத்தில் கோடு போடுங்கள். கட்டுமான இடத்தில் கிடக்கும் செங்கல்லையும் சாரப்பலகையையும் அடுக்கி, சொன்ன உயரத்துக்கு ஒரு பொய்மேடை செய்யுங்கள். அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரை அழைத்து, ஒரு முறம் வெங்காயத்தைக் கொடுத்து, வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் கொண்டுபோய்ப் போடுங்கள். அரை மணி நேரம் அவர் உரிக்கட்டும். முழங்கால் இடிக்கிறதா, தோள் தூக்குகிறதா, எழும்போது பின்னால் இடமிருக்கிறதா என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கோட்டை மாற்றுங்கள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழிக்கலாம். கிரானைட்டை முடியாது.

அந்த அரை மணி நேரமும் நீங்கள் எதிரில் சும்மா நிற்க வேண்டாம். இன்னொரு நாற்காலி கொண்டுபோங்கள்.